கட்டில் எதற்கு அமேசானைக் கேட்க வேண்டும்?

2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் வெப் சர்வீசஸ் (நிறுவனங்களுக்கு சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசானின் பிரிவு) தளத்தில் ஒரு கோளாறு. டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் இணைய முகவரிப் பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் ஒரு வேலை இன்னொன்றை முந்திக்கொள்ள, கடைசியில் அந்தப் பதிவே காலியாகிவிட்டது. உலகம் முழுக்க ஆப்களும் கேம்களும் பணப் பரிமாற்றச் சேவைகளும் மணிக்கணக்கில் படுத்துக்கொண்டன. இதெல்லாம் அவ்வப்போது வரும் செய்திதான். அன்றைக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் சிரிக்கவும் எரிச்சலடையவும் வைத்தது வேறு ஒன்று: சிலருடைய கட்டில் வேலை செய்யவில்லை. எய்ட் ஸ்லீப் நிறுவனம் 2,000 டாலருக்கு மேல் விற்கும் மெத்தை விரிப்பு, படுப்பவருக்குத் தகுந்தபடி சூட்டையும் குளிரையும் மாற்றித் தரும். அன்று சிலருக்கு அது சூட்டிலேயே நின்றுவிட்டது, சிலருக்குத் தலைமாடு தூக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது.

படுத்திருப்பவர் கையில் ஃபோன். ஃபோனிலிருந்து ஒரு முழத்தில் கட்டில். நடுவில் வர்ஜீனியா எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஸ்மார்ட் பூட்டு, கேமரா, ஃபோனில் இயக்கும் பம்ப் செட், ஸ்மார்ட் மீட்டர் எல்லாவற்றின் பலமும் பலவீனமும் புரிந்துவிடும். அடியிலிருந்து வருவோம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஃபர்ம்வேர். கருவிக்குள் இருக்கும் சில்லில், அதாவது சிப்பில், எழுதி வைத்த புரோகிராம். ஃபோனில் ஒரு ஆப் கெட்டால் அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் கெட்டால் அழிக்கவும் இறக்கவும் ஆளே இல்லை, ஏனென்றால் அந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரே ஆள் அதுதான்.

2. மைக்ரோகன்ட்ரோலர். ஃபர்ம்வேர் குடியிருக்கும் சில். மலிவான ஸ்மார்ட் பிளக், பல்பு வகையறாக்களில் அதிகம் தென்படும் ஒன்று ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஈஎஸ்பி32. உள்ளே 520 கேபி ராம், அதாவது கரண்ட் போனால் மறந்துவிடும் தற்காலிக மெமரி. பெரும்பாலான போர்டுகளில் 4 எம்பி ஃபிளாஷ், கரண்ட் போனாலும் மறக்காத மெமரி. அதாவது உங்கள் ஃபோன் கேமரா எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குத் தேவையான இடம். அதற்குள் வைஃபை, பாதுகாப்பு, அப்டேட், அந்தக் கருவியின் சொந்த வேலை எல்லாம் அடங்க வேண்டும்.

3. கிளவுட். யாரோ ஒருவருடைய டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள். கருவியை விற்ற நிறுவனம் மாதாமாதம் அந்த வாடகையைக் கட்டுகிறது. நீங்கள் ஒரு முறைதான் பணம் கொடுத்தீர்கள், அவர்கள் மாதாமாதம் கட்டுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் இது பெரிய விஷயமாக வரும்.

4. ஓடிஏ. கேபிள் எதுவும் செருகாமல், இணையம் வழியாகவே ஃபர்ம்வேரை மாற்றுவது.

## ஃபோனில் தொட்டதும் என்ன நடக்கிறது

சென்னையில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் பம்ப் செட்டைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபோனால் நேரே மோட்டார் பெட்டியைக் கூப்பிட முடியாது. பெட்டியில் இருக்கும் சிம்முக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய நிலையான முகவரி பொதுவாகக் கிடையாது. வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கும் இதே நிலைதான். அதனால் இரண்டு பேரும் பொதுவான ஒரு இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. அந்த இடம்தான் கிளவுட்.

1. பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் அது தானாகப் போய் சர்வரின் கதவைத் தட்டி, தொடர்பைத் திறந்தே வைத்துக்கொள்கிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் பேச்சுமுறை எம்கியூடிடி. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்கம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. அன்றைக்கு செயற்கைக்கோள் தொடர்பு விலை அதிகம், அதனால் ஒவ்வொரு பைட்டையும் மிச்சம் பிடித்தார்கள். அந்தச் சிக்கனம்தான் இன்றைக்குச் சின்ன சில்களுக்கு வசதியாகப் போயிற்று.

2. நீங்கள் ஆப்பில் "ஆன்" தொட்டதும் அது மோட்டாருக்குப் போவதில்லை. கிளவுடில் உங்கள் பெட்டியின் பெயரில் ஒரு நிழல் இருக்கிறது. அமேசான் இதை "டிவைஸ் ஷேடோ" என்றே அழைக்கிறது, மைக்ரோசாஃப்ட் "டிவைஸ் ட்வின்" என்கிறது. அந்த நிழலில் இரண்டு கட்டங்கள்: இருக்க வேண்டிய நிலை, இப்போது இருக்கும் நிலை. நீங்கள் தொட்டது முதல் கட்டத்தைத்தான்.

3. இரண்டு கட்டமும் ஒத்துப்போகவில்லை என்பது பெட்டிக்குத் தெரிவிக்கப்படுகிறது. அது ரிலேயை, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின் சுவிட்சை, போட்டு, மோட்டார் ஓடுவதை உறுதி செய்து, இரண்டாவது கட்டத்தை மாற்றுகிறது. அப்புறம்தான் உங்கள் திரையில் பச்சை வர வேண்டும். தொட்ட உடனே பச்சையைக் காட்டிவிடும் ஆப்களும் இருக்கின்றன, அவை காட்டுவது உங்கள் ஆசையை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது, புதிதாக எழுத வருகிறவர்கள் நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். ராத்திரி 9 மணிக்கு நீங்கள் "ஆன்" தொடுகிறீர்கள். அங்கே த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்லை, பெட்டி உறங்குகிறது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களும் தூங்கிவிடுகிறீர்கள். 3 மணிக்குக் கரண்ட் வருகிறது. பெட்டி எழுந்து நிழலைப் பார்க்கிறது: "ஆன்" என்று இருக்கிறது. மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது. வயலில் யாருமில்லை. கிணற்றில் தண்ணீர் தீர்ந்தாலும், வாய்க்கால் உடைந்தாலும் கேட்க ஆளில்லை.

புரோகிராமில் ஒரு வரி தப்பில்லை, எல்லாம் எழுதியபடியே நடந்திருக்கிறது. தப்பு, கட்டளைக்குக் காலாவதி வைக்காததில். எம்கியூடிடியின் 5-ஆம் பதிப்பில் ஒவ்வொரு செய்திக்கும் இத்தனை விநாடிதான் ஆயுள் என்று சொல்ல வழி இருக்கிறது. பழைய பதிப்பானால் கட்டளையோடு நேரத்தையும் சேர்த்து அனுப்பி, பழசானால் தூக்கிப் போடு என்று ஃபர்ம்வேரில் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவது, தொட்டி நிறைந்தால் நிறுத்துவது, ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவது எல்லாம் பெட்டிக்குள்ளேயே தீர்மானமாக வேண்டும். இவற்றைக் கிளவுடில் வைத்து எழுதியவர் வேலை தெரியாதவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

கட்டில் விஷயமும் இதேதான். மெத்தையின் சூட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பு வர்ஜீனியாவில் இருந்தது. அந்தக் கோளாறுக்குப் பிறகு அந்த நிறுவனம் ப்ளூடூத் வழியாக ஃபோனிலிருந்து நேரே கட்டிலோடு பேசும் வசதியைச் சேர்த்தது. ஒரு முழ தூரத்துக்கு முதல் நாளே அதைத்தான் வைத்திருக்க வேண்டும்.

## கரண்ட் போய் வரும் வீட்டில் ஃபர்ம்வேர் படும் பாடு

வெப்சைட் எழுதுகிறவருக்கு சர்வர் எப்போதும் விழித்திருக்கும், ஏசி அறையில், யூபிஎஸ்ஸோடு. ஃபர்ம்வேர் எழுதுகிறவருக்கு அந்தச் சுகம் கிடையாது. எந்த வரி ஓடிக்கொண்டிருக்கும்போதும் கரண்ட் போகலாம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். குறிப்பாக மூன்று இடங்களில் அடி விழும்.

1. ஃபிளாஷ் தேய்மானம். சாதாரண ஃபிளாஷில் ஒரு பகுதியைச் சுமார் 1 லட்சம் முறை அழித்து எழுதலாம். நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் ரீடிங் எழுதினால் 70 நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கேலியில்லை: 2021-இல் டெஸ்லா பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களில் சுமார் 1,35,000-ஐ ரீகால் செய்தது இந்த வகைக் காரணத்துக்காகத்தான். நடுத் திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி மெமரி ஓயாமல் எழுதப்பட்டு தேய்ந்துபோய், பின்பக்கக் கேமராவின் படம்கூட வராமல் போயிற்று.

2. தொங்கிப்போவது. புரோகிராம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் யாரும் வந்து ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தப்போவதில்லை. அதற்காக சில்லுக்குள் வாட்ச்டாக் என்று தனி டைமர் இருக்கிறது. "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று ஃபர்ம்வேர் அதைக் குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாவிட்டால் அது சில்லையே ரீசெட் செய்துவிடும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் இப்படித்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது, பூமியிலிருந்து ஒரு திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். அவர்களால் செவ்வாய்க்கு அனுப்ப முடிந்தது, ஏனென்றால் எவ்வளவு ரீசெட் ஆனாலும் பூமியோடு பேசும் பகுதி பிழைத்திருந்தது.

3. கூட்ட நெரிசல். ஒரு ஊருக்கே கரண்ட் வந்ததும் அங்கிருக்கும் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே விநாடியில் சர்வர் கதவைத் தட்டும். சர்வர் திணறும், தொடர்பு அறும், எல்லாம் ஐந்து விநாடி கழித்து மறுபடி ஒரே சமயத்தில் தட்டும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதோடு குலுக்கல் மாதிரி ஒரு சில விநாடிகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு வரி வேலைதான்.

## அப்டேட்: 500 பூட்டுகளின் கதை

2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற நிறுவனம் தன் வைஃபை பூட்டுகளுக்கு ஓடிஏ அனுப்பியது. ஏர்பிஎன்பி-யில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் விரும்பி வாங்கிய பூட்டு அது. ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு எண்ணைத் தூரத்திலிருந்தே போட்டுத் தரலாம். 7000ஐ மாடலுக்கான ஃபர்ம்வேர் தவறுதலாக 6000ஐ மாடல் பூட்டுகளுக்குப் போய்விட்டது. சுமார் 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகள் செத்தன. புதிய ஃபர்ம்வேரோடு அவற்றால் சர்வரைத் திரும்பத் தொடவே முடியவில்லை. சர்வரைத் தொட முடியாததைத் தூரத்திலிருந்து சரிசெய்யவும் முடியாது. பூட்டின் பின்பகுதியைக் கழற்றிப் பார்சலில் அனுப்பினால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்து தருகிறோம், அல்லது புதுசு அனுப்புகிறோம், 14 முதல் 18 நாள் ஆகும் என்றது நிறுவனம். நல்ல வேளையாக அந்தப் பூட்டில் சாதாரணச் சாவித் துவாரம் ஒன்று இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த ஃபர்ம்வேர் போலி இல்லை. அந்த நிறுவனமே எழுதி, அந்த நிறுவனமே அனுப்பியது. அப்டேட்டில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கையொப்பம் "யார் அனுப்பியது" என்பதைத்தான் சொல்லும். "யாருக்கு" என்பதை ஃபர்ம்வேரின் தலைப்பகுதியிலேயே மாடல் எண்ணாக எழுதி, பழைய ஃபர்ம்வேர் அதைப் பார்த்து "இது எனக்கில்லை" என்று மறுக்க வேண்டும். 2023 நவம்பரில் ரிவியன் மின்சாரக் கார்களுக்கும் இதற்குச் சொந்தக்காரத் தவறுதான் நடந்தது: தவறான சான்றிதழோடு கூடிய தவறான பதிப்பு போய்ச் சேர்ந்து, சில கார்களின் திரை கறுத்துவிட்டது. கார் ஓடியது, திரைதான் இல்லை.

இந்த வகை விபத்துக்கென்றே ஒரு ஏற்பாடு பழக்கத்தில் இருக்கிறது. ஈஎஸ்பி32-ஐ வைத்தே பார்ப்போம்.

1. 4 எம்பி ஃபிளாஷில் ஃபர்ம்வேருக்கென்று இரண்டு அறைகள். இப்போது ஓடுவது முதல் அறையில் என்றால், புதியது இரண்டாவதில்தான் எழுதப்படும். பாதியில் கரண்ட் போனாலும் முதல் அறையைத் தொடவே இல்லை, பழையபடி எழுந்துகொள்ளும்.

2. எழுதி முடித்ததும் மொத்தத்தையும் திரும்பப் படித்து, கையொப்பமும் மாடல் எண்ணும் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

3. அடுத்த முறை எந்த அறையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதைக் குறித்துவைக்க ஒரு குட்டிப் பகுதி இருக்கிறது. அதுவும் 4 கேபி அளவில் இரண்டு பிரதிகள், மாற்றி மாற்றி எழுதப்படும். இந்தக் குறிப்பை எழுதும் அந்த ஒரு கணத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைத்த இரண்டாவது பிரதி அது. ஃபர்ம்வேர்க்காரர்களின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

4. ரீஸ்டார்ட் ஆனதும் புதிய ஃபர்ம்வேர் "சோதனையில் இருக்கிறது" என்ற நிலையில் ஓடும். "நான் சரியாக இருக்கிறேன்" என்று அதுவே உறுதி சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ரீசெட் ஆனால், பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேரை எழுப்பிவிடும் குட்டி புரோகிராம், பழைய அறைக்கே திரும்பிவிடும்.

நான்காவதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது, அதில்தான் ஏமாற்றும் நடக்கிறது. அந்த உறுதியை எந்த இடத்தில் சொல்வது? புரோகிராமின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, "எங்களிடம் ரோல்பேக் (பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பும் வசதி) இருக்கிறது" என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். எழுந்து உட்கார்ந்தால் போதும், பிழைத்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பூட்டும் எழுந்து உட்காரத்தான் செய்யும், சர்வரைத்தான் தொடாது. உறுதி சொல்ல வேண்டிய சரியான இடம், வைஃபையில் சேர்ந்து, சர்வரோடு பாதுகாப்பாகக் கைகுலுக்கி, அடுத்த அப்டேட் இருக்கிறதா என்று கேட்டு பதிலும் வாங்கிய பிறகு. தன்னை இன்னொரு முறை திருத்த முடியும் என்று நிரூபிக்காத ஃபர்ம்வேர் அறையைக் காலி செய்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பக் கூடாது. முதலில் அலுவலகக் கருவிகள், பிறகு நூற்றில் ஒன்று, ஓரிரு நாள் பொறுத்து நூற்றில் பத்து. இடையில் எத்தனை திரும்பி வந்து வணக்கம் சொல்லின என்ற எண்ணிக்கை குறைந்தால், தானாகவே நிறுத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பாதே என்பது எழுதாத சட்டம்.

## 1970-இல் விழித்தெழும் பல்பு

சர்வரோடு பேசும்போது அது உண்மையான சர்வர்தானா என்று கருவி சான்றிதழைப் பார்த்துச் சோதிக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. இப்போது பாருங்கள்: மலிவான கருவியில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் அது தான் 1970 ஜனவரி 1-இல், கணினிகள் பல நேரத்தை எண்ணத் தொடங்கும் நாளில், இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 2025-இல் கொடுத்த சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. "செல்லாது" என்று தொடர்பை அறுத்துவிடும். ஆகவே முதலில் இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொண்டு, பிறகுதான் சர்வரிடம் போக வேண்டும். நேரம் தரும் சேவை அந்த வீட்டு இணையத்தில் தடுக்கப்பட்டிருந்தால் கதை முடிந்தது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தேதிச் சோதனையையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு, காலாவதியான சான்றிதழையும் நம்பும் கருவியை விற்கிறோம் என்று அவர்கள் பெட்டியில் அச்சிடுவதில்லை.

மறுமுனையும் இருக்கிறது. கருவி நம்பும் மூலச் சான்றிதழ்கள், அதாவது மற்றச் சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் தருபவை, ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிக்கப்பட்டவை, அவற்றுக்கும் முடிவுத் தேதி உண்டு. 2000-இல் பிறந்த ஆட்டிரஸ்ட் மூலச் சான்றிதழ் 2020 மே 30 அன்று காலாவதியானது. ரோக்கு டிவி பெட்டிகளில் சேனல்கள் திறக்காமல் போயின. 2021 செப்டம்பர் 30 அன்று இன்னொரு மூலச் சான்றிதழ் காலாவதியானது, அப்டேட் நின்றுபோன பழைய கருவிகள் பல இணையத்திலிருந்து ஒதுங்கின. இருபது வருடம் முன்பே தெரிந்த தேதி. யாராவது ஒருவர் காலண்டரில் குறித்திருந்தால், தேதி வருவதற்கு முன் ஒரு ஓடிஏ போயிருக்கும். தேதி தாண்டிய பிறகு அந்த ஓடிஏ-வை இறக்கவும் கருவியால் முடியாது.

## ஒரே சாவி, எல்லா வீடும்

2016-இல் மிராய் என்ற புரோகிராம் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா படங்களைப் பதிந்துவைக்கும் பெட்டிகள்) தேடிப்போய், சுமார் 60 யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை. "அட்மின்", "1234" ரகம். அப்படிச் சேர்த்த படையை வைத்து அக்டோபர் 21 அன்று டின் என்ற இணைய முகவரிச் சேவையைத் தாக்கியதில் டிவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் ரெடிட்டும் பல மணி நேரம் தடுமாறின. மிராய் ராமில்தான் தங்கும், கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டு அப்படியே இருந்ததால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். சில கருவிகளில் அந்தப் பாஸ்வேர்டு ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்தது, வாங்கியவர் மாற்ற நினைத்தாலும் வழியில்லை.

இதற்கு விடை, தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டிஜிட்டல் சாவியும் (ரகசிய எண்) சான்றிதழும் போட்டு அனுப்புவது. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் ஒரு பல்பை உடைத்து உள்ளே படித்தவர் கையில் மொத்த ஊரும் வந்துவிடும்.

நிர்வகிக்கும் பக்கமும் பத்திரமாக இருக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அன்று, வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தன. தாக்கியவர்கள் மோடம்களை ஒவ்வொன்றாக உடைக்கவில்லை, அவற்றை நிர்வகிக்கும் வலையமைப்புக்குள் புகுந்து அங்கிருந்தே கட்டளை அனுப்பினார்கள். ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் தொடர்பு அறுந்தது. காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன, அவற்றைச் சுற்றவைக்கும் தீர்மானம் உள்ளூரிலேயே இருந்ததால்.

## கடை மூடினால்

வாடகை விஷயத்துக்கு வருவோம். ரிவால்வ் என்ற சுமார் 300 டாலர் வீட்டுக் கருவியின் நிறுவனத்தை கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016 மே 15-இல் சர்வரை நிறுத்தியது. கருவி பழுதாகவில்லை, ஆனால் அதன் பிறகு அதற்கு வேலை இல்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்த, பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் சிலரே பணம் போட்டு அந்த நிறுவனத்தை வாங்கி, திரும்பவும் உயிர்கொடுத்தார்கள்.

கருவி தயாரிக்கிறவர்களுக்கே இந்த அடி விழுந்ததும் உண்டு. கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை (கருவிகளை இணைத்து நிர்வகிக்கும் கிளவுட்) 2023 ஆகஸ்ட் 16-இல் மூடியது, ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டுத்தான். ஆனால் கருவிகள் தொடர்புகொள்ளும் முகவரி கூகுளுடையது. ஃபர்ம்வேருக்குள் அதைப் பதித்திருந்தால், வேறு சர்வருக்குத் திருப்பிவிட ஒரே வழி எல்லாக் கருவிகளுக்கும் ஓடிஏ போய்ச் சேர்வது. அலமாரியில் அணைந்து கிடந்தவை போனது போனதுதான். இதில் ஒரு வேடிக்கை, நீண்ட காலம் ஆதரவு தருவோம் என்று கூகுள் கொடுத்திருந்த ஒரு முகவரியின் பெயரிலேயே 2030 என்ற ஆண்டு இருந்தது. பாடம் எளிது: ஃபர்ம்வேரில் எழுதும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக (உங்கள் பெயரில் பதிவு செய்த இணையப் பெயர்) இருக்கட்டும், அதை இன்று அமேசானுக்கும் நாளை வேறெங்கேயும் திருப்பிக்கொள்ளலாம். வருடத்துக்குச் சில நூறு ரூபாய் செலவு.

## இப்போது சட்டம் என்ன சொல்கிறது

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய பாஸ்வேர்டோடு விற்கத் தடை. எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் விற்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்பனைக்கு வரலாம் என்று மின்னணு அமைச்சகம் விதித்திருக்கிறது. பல்பு, பிளக், மோட்டார் பெட்டி எல்லாம் அந்த வரம்புக்குள் வரவில்லை, அங்கே வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. கடைக்காரரிடம் கேட்டால் தெரியாது என்பார். வாங்கி மாட்டிய அன்றே, திருப்பித் தரும் நாள் முடிவதற்குள், ரூட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறதா? பூட்டு கைச்சாவிக்குத் திறக்கிறதா? அதே அறையில் நின்று ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் பேச முடிகிறதா? அப்புறம் வீட்டு மெயினையே ஒரு முறை அணைத்துப் போட்டு, ரூட்டர் எழுவதற்கு முன்பே எழுந்துவிடும் அந்தக் கருவி, இணையம் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்கிறதா, இல்லை நீங்கள் நாற்காலி போட்டு ஏறிப் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலி தேவைப்பட்டால் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.